பழைய வீட்டின் சுதை விதானம்

வீட்டுக்குள் நுழையும் விருந்தினர் தரையைப் பார்ப்பர். சுவரில் மாட்டிய படங்களைப் பார்ப்பர். அமர்ந்த பின் எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்ப்பர். அண்ணாந்து விதானத்தைப் பார்ப்பவர் மிகச் சிலரே. மழைக்காலத்தில் அங்கிருந்து ஒரு துளி நீர் மடியில் விழும்போதுதான் தலைக்கு மேலே ஒன்று இருக்கிறது என்ற நினைவு பலருக்கு வருகிறது. அப்பொழுது பெரும்பாலும் காலம் தாழ்ந்திருக்கும்.

கம்பளை மழையை நன்கறிந்த ஊர். தென்மேற்குப் பருவக்காற்று மலைச் சரிவுகளில் மோதும் மாதங்களிலும், மீண்டும் ஐப்பசி, கார்த்திகையிலும் மகாவலி கங்கை நிறைந்து ஓடும். அந்த மழை ஓட்டுக் கூரையில் ஓர் ஓடு விலகியிருந்தாலும் அந்த இடத்தைத் தவறாமல் தேடிப் பிடித்துவிடும். இந்த வட்டாரத்துப் பழைய வீடுகளில் விதானம் பெரும்பாலும் மரப்பலகையால் ஆனது. ஆயினும் தூணின் தலையிலும், வாயில் வளைவின் நெற்றியிலும், கூரை முகப்பின் முக்கோணத்திலும் சாந்தினால் செய்த கொடியையும் பூவையும் காணலாம். வசதி படைத்தோர் கட்டிய சில வீடுகளில் கூடத்தின் விதானமே சாந்தினால் அமைந்திருக்கும். சுவரும் விதானமும் சந்திக்கும் இடத்தில் வரிவரியாக ஒரு விளிம்புப் பட்டி ஓடும். நடுவே விளக்குத் தொங்கும் இடத்தில் இதழ் விரித்த பூ வட்டம் ஒன்று இருக்கும்.

இத்தகைய வீட்டை மரபுரிமையாகப் பெற்றவர் ஒரு நாள் அந்தப் பூ வட்டத்தைச் சுற்றிப் பழுப்பு நிறக் கறையைக் காண்கிறார். அடுத்த மழையில் ஒரு விரிசல் தோன்றுகிறது. அதற்கடுத்த மழையில் இதழ் ஒன்று உதிர்ந்து தரையில் கிடக்கிறது. வந்து பார்க்கும் மேசன், "இது பழசு, தாங்காது, எல்லாவற்றையும் தட்டி விழுத்திவிட்டுத் தகடு அடித்துவிடுவோம்" என்கிறார். அது விரைவான வழி. உடனடிச் செலவும் குறைவு. ஆனால் தட்டி விழுத்தியதை மறுபடி ஒட்ட முடியாது. ஆதலால் முடிவு செய்யுமுன், சாந்து எதனால் கெடுகிறது, எதனால் நிலைக்கிறது என்று அறிந்துகொள்வது நன்று. முதுமை மட்டும் அதைக் கெடுப்பதில்லை. ஒழுகும் நீரும், கவனிப்பாரற்ற நிலையும், பொருந்தாத மருந்தும் சேர்ந்தே அதைக் கெடுக்கின்றன.

இதற்குச் சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டியதில்லை. நான்காம் புவனேகபாகு மன்னன் 1341 ஆம் ஆண்டில் கம்பளையைத் தலைநகராக்கினான். அந்தக் காலத்துக் கோயில்கள் மூன்று, கம்பளைக்கும் கண்டிக்கும் இடைப்பட்ட உடுநுவரைப் பகுதியில், ஒன்றிற்கொன்று அண்மையில் உள்ளன. கடலாதெனிய கருங்கல்லால் ஆனது. எம்பக்கை தேவாலயம் மரச் செதுக்கு வேலைக்குப் பெயர்பெற்றது. 1344 இல் எழுந்த இலங்காதிலகமோ செங்கல்லாலும் சுண்ணாம்புச் சாந்தாலும் ஆனது. சேனாலங்காதிகாரர் என்னும் அமைச்சர் அதைக் கட்டுவித்தார். தென்னிந்தியாவிலிருந்து வந்த ஸ்தபதி ராயர் என்பவர் அதன் சிற்பி. கோயில் நிற்கும் பாறையில் அதன் வரலாறு சிங்களத்திலும் தமிழிலும் பொறிக்கப்பட்டிருக்கிறது.

கல், மரம், சுண்ணாம்பு என்னும் மூன்று பொருள்களும் ஒரே மழையில்தான் நனைகின்றன. கல் மனிதரை அதிகம் வேண்டுவதில்லை. மரமும் சுண்ணாம்பும் அப்படியல்ல. தலைமுறைதோறும் யாரேனும் ஏறிப் பார்க்க வேண்டும். இலங்காதிலகம் தொடக்கத்தில் நான்கு நிலைகளும் 80 அடி உயரமும் கொண்டிருந்தது என்பர். இன்று மூன்று நிலைகளே எஞ்சியுள்ளன. எஞ்சியதன் மேல் ஓட்டுக் கூரை கவிந்திருக்கிறது. உள்ளே சுவரிலும் விதானத்திலும் சாந்தின் மேல் தீட்டிய கண்டிக்கால ஓவியங்கள் உள்ளன. கூரை காத்தது நின்றது என்பதே அக்கோயில் பழைய வீட்டுக்காரருக்குக் கூறும் முதற் பாடம்.

சுண்ணாம்பின் இயல்பை அறிந்தால் இரண்டாம் பாடமும் விளங்கும். சுண்ணாம்புக் கல்லை ஏறத்தாழ 900 பாகை செல்சியஸ் வெப்பத்தில் சூளையிலிட்டுச் சுடும்போது அதிலிருந்து கரியமில வாயு வெளியேறுகிறது. தூய சுண்ணாம்புக் கல் 100 கிலோ சுட்டால் 56 கிலோ சுட்ட சுண்ணாம்பே மிஞ்சும். அதில் நீர் ஊற்றினால் அது கொதித்துச் சீறி, வெண்ணெய் போன்ற களியாகிறது. அந்தக் களியோடு மணலைச் சேர்த்துச் சுவரில் பூசிய பின், அது காற்றிலுள்ள கரியமில வாயுவைச் சிறிது சிறிதாக மீண்டும் உள்வாங்குகிறது. சூளையில் இழந்ததைச் சுவரில் இருந்துகொண்டே திரும்பப் பெற்று, மறுபடியும் கல்லாகிறது. இது ஒரு நாளில் நிகழும் செயலன்று. மேற்பரப்பு விரைவில் இறுகினாலும், உள்ளே இறுகுவதற்கு மாதங்களும், கனமான சுவராயின் ஆண்டுகளும் செல்லும்.

இவ்வாறு இறுகிய சாந்தில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் நிறைந்திருக்கும். சுவருக்குள் புகுந்த ஈரம் அவற்றின் வழியே வெளியேறிவிடும். வீடு சிறிது அசைந்தாலும் சாந்து சற்று இணங்கிக் கொடுக்கும். மயிர்போன்ற விரிசல் விழுந்தால், ஈரத்தில் கரைந்த சுண்ணாம்பு அதில் வந்து படிந்து ஓரளவு அதைத் தானே அடைத்துக்கொள்வதும் உண்டு. மழை மிகுந்த மலைநாட்டு வீட்டுக்கு இவை அரிய குணங்கள்.

இலங்கையில் இந்தச் சுண்ணாம்பு மூன்று வகையாகக் கிடைத்தது. தென்மேற்குக் கரையில் முருகைக்கல்லைச் சுட்டனர். யாழ்ப்பாணத்தில் நிலத்தடியே சுண்ணாம்புக் கல்தான். கண்டி, மாத்தளைப் பகுதிகளில் தொலமைற்று என்னும் மகனீசியம் கலந்த கல்லைச் சுட்டனர். முருகைக்கல் அகழ்வைக் கட்டுப்படுத்த 1981 இல் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பின்னர் அதன் திருத்தங்கள் கட்டுப்பாட்டை மேலும் இறுக்கின. கரை அரிப்பைத் தடுக்க அது இன்றியமையாத சட்டம். ஆதலால் இன்று மலைநாட்டு வீட்டைச் சீர்செய்பவர் மலைநாட்டுச் சுண்ணாம்பையே பெரிதும் நாட வேண்டும். அதில் ஒரு நுட்பம் உண்டு. மகனீசியம் மிகுந்த சுண்ணாம்பு முழுதும் நீறுவதற்கு நாள் செல்லும். அவசரப்பட்டுப் பூசினால், நீறாத துகள் சுவரில் இருந்தபடியே பின்னொரு நாள் நீறிப் பருத்து, மேற்பரப்பைக் கொப்புளம்போல் வெடிக்கச் செய்யும். களியைச் சல்லடையில் வடித்து, மேலே நீர் நிற்கும்படி குழியிலோ பீப்பாயிலோ பல வாரங்கள், இயன்றால் மாதங்கள், ஊறவிடுவது இதனாலேயே.

சுண்ணாம்பை வீட்டின் அணியாக்கும் கலை தமிழ்நாட்டில் உச்சநிலை கண்டது. கண்டியை 1739 முதல் 1815 வரை ஆண்ட நாயக்கர் மரபினருக்கு மதுரையோடு உறவு இருந்தது. அந்த மதுரையில் திருமலை நாயக்கர் 1636 இல் எழுப்பிய மாளிகை, செங்கல்லின் மேல் சுதை பூசிச் செய்த வீடுகளுள் தலைசிறந்தது. அதன் பெருந்தூண்களும் வளைவுகளும் குவிமாடத்தின் உட்புறமும் சுதை வேலையால் மூடப்பட்டவை. கிளிஞ்சலைச் சுட்ட சுண்ணாம்போடு முட்டை வெள்ளையைச் சேர்த்து மெருகேற்றினர் என்பர். திருமலை நாயக்கரின் பேரன் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிராப்பள்ளிக்கு மாற்றியபோது, மாளிகையின் பெரும்பகுதி பிரித்தெடுக்கப்பட்டது. எஞ்சியதும் கூரை கெட்டு, பாழடையும் நிலைக்கு வந்தது. 1866 முதல் 1872 வரை சென்னை ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு அதைப் பழுதுபார்க்க ஏற்பாடு செய்தார். இன்று மதுரைக்குச் செல்வோர் அண்ணாந்து பார்த்து வியக்கும் சுதை வேலை, அந்தப் பராமரிப்பு நிகழ்ந்திராவிட்டால் மண்மேடாகியிருக்கும்.

இலங்கையிலும் பர்மாவிலும் மலாயாவிலும் வணிகம் செய்த நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், காரைக்குடி, கானாடுகாத்தான் முதலிய ஊர்களில் எழுப்பிய வீடுகளிலும் இக்கலையைக் காணலாம். கடுக்காய் ஊறிய நீர், வெல்லம், முட்டை வெள்ளை ஆகியவற்றைச் சேர்த்து அரைத்த சாந்தைப் பல பூச்சுகளாகப் பூசி, கல்லால் தேய்த்துக் கண்ணாடிபோல் ஒளிரச் செய்தனர். இந்தச் சேர்க்கைகளில் மாயம் ஒன்றும் இல்லை. இனிப்பு, சாந்து இறுகும் வேகத்தைத் தணித்து, கைக்கு இசைவாக்குகிறது. முட்டையின் புரதம் வழவழப்பையும் பிடிப்பையும் தருகிறது. அளவு மிஞ்சினால் இவையே பூஞ்சணத்துக்கு இரையாகும். மூதாதையர் எதைச் சேர்த்தனர் என்பதைவிட எவ்வளவு சேர்த்தனர் என்பதே கைப்பழக்கத்தின் இரகசியம்.

மலைநாட்டில் காணப்படும் மேனாட்டு முறைச் சாந்து விதானங்கள் வேறு வழியில் வந்தவை. கொழும்பிலிருந்து கண்டிக்குப் புகையிரதம் 1867 இல் வந்தது. 1874 இல் கம்பளையைக் கடந்து நாவலப்பிட்டி வரை பாதை நீண்டது. கோப்பியும் பின்னர்த் தேயிலையும் தந்த செல்வத்தோடு, ஐரோப்பிய வீட்டு அமைப்பும் மலையேறியது. அம்முறையில் விதானம் அமைப்பது இவ்வாறு: கூரை மரங்களின் அடியில் மெல்லிய மரச் சிலாகைகளைச் சிறு இடைவெளி விட்டு ஆணியடிப்பர். ஆட்டு மயிர் கலந்த சாந்தை அவற்றின்மேல் அழுத்திப் பூசுவர். சாந்து இடைவெளி வழியே மேலே பிதுங்கி, மறுபுறம் மடிந்து கொக்கிபோல் பற்றிக்கொள்ளும். விதானம் முழுவதையும் தாங்குவது இந்தக் கண்ணுக்குத் தெரியாத கொக்கிகளே. அதன்மேல் இரண்டாம் பூச்சும், நுண்மணல் சேர்த்த மூன்றாம் பூச்சும் வரும்.

விளிம்புப் பட்டியின் வரிகளைக் கையால் செதுக்குவதில்லை. வேண்டிய வடிவத்தை ஒரு தகட்டில் வெட்டி, மரச் சட்டத்தில் பொருத்தி, ஈரச் சாந்தின்மேல் வழிமரத்தை ஒட்டி முன்னும் பின்னும் இழுப்பர். இழுக்க இழுக்க வரிகள் பிறக்கும். பூவும் இலையுமோ அச்சில் வார்த்து ஒட்டப்படுபவை. வார்ப்புக்குப் பாரிசுச் சாந்து ஏற்றது. ஜிப்சம் என்னும் கனிமத்தை ஏறத்தாழ 150 பாகை வெப்பத்தில் வறுத்தால் அது தன் நீரில் முக்கால் பங்கை இழக்கிறது. மறுபடி நீர் சேர்த்ததும் சில நிமிடங்களில் இறுகிச் சற்றே பருத்து, அச்சின் மூலை முடுக்கெல்லாம் நிரம்புகிறது. 1856 இல் இலண்டனில் தெசாஷி என்பவர், சாந்தோடு சணல் துணியையும் மரச் சட்டத்தையும் இணைத்து வார்க்கும் முறைக்கு உரிமம் பெற்றார். பெரிய விதான அணிகளைப் பட்டறையில் வார்த்து, கொண்டுவந்து மாட்டும் வழக்கம் அதனால் பரவியது.

சுண்ணாம்பும் ஜிப்சமும் பார்வைக்கு ஒன்றுபோல் வெண்மையாக இருக்கும். ஆனால் ஜிப்சம் நீரில் சிறிது கரையும் தன்மை உடையது. நீடித்த ஈரத்தில் தன் வலிமையை இழக்கும். எனவே பழுதுபார்க்குமுன் எது எது என்று அறிய வேண்டும். வண்ணத்தைச் சுரண்டி நீக்கிய இடத்தில் ஒரு துளி தேசிக்காய்ச் சாற்றை விட்டுப் பார்க்கலாம். நுரைத்துப் பொங்கினால் அது சுண்ணாம்பு. பொங்காவிட்டால் ஜிப்சம் எனக் கொள்ளலாம். இரண்டும் கலந்த சாந்தும் உண்டு. அது இலேசாகவே நுரைக்கும்.

இனி, பொருந்தாத மருந்தைப் பற்றிக் கூற வேண்டும். போட்லண்ட் சீமெந்துக்கு இங்கிலாந்தில் 1824 இல் உரிமம் வழங்கப்பட்டது. இலங்கையில் 1950 இல் காங்கேசன்துறைத் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியபின் சீமெந்து கடைதோறும் கிடைக்கும் பொருளாயிற்று. பாலத்துக்கும் அணைக்கும் அது ஒப்பற்ற பொருள். ஆனால் பழைய சுண்ணாம்புச் சுவரில் அதைப் பூசினால் மென்மையான உடலுக்கு இரும்புச் சட்டை அணிவித்தது போலாகிறது. வீடு அசையும்போது சீமெந்து இணங்குவதில்லை. ஆகவே பக்கத்திலுள்ள பழைய சாந்துதான் விரிகிறது. சுவரின் ஈரம் சீமெந்துக்கு அப்பால் எளிதில் வெளியேற முடியாமல் பின்னால் தேங்குகிறது. அந்த ஈரத்தில் கரைந்த உப்புகள் ஓரத்தில் வந்து படிகமாகி, பழைய சாந்தை மாவாக்கி உதிர்க்கின்றன. ஓராண்டு கழித்துப் பார்ப்பவர், "சீமெந்து பூசிய இடம் உறுதியாக நிற்கிறது, பழைய சுண்ணாம்புதான் கொட்டுகிறது" என்று சுண்ணாம்பைப் பழிப்பர். கொட்டச் செய்தது சீமெந்து என்பதை எண்ணார். காற்றுப் புகாத நெய்வண்ணங்களும் இதே தீங்கைச் செய்யும். சுண்ணாம்பைச் சுண்ணாம்பாலும், ஜிப்சத்தை ஜிப்சத்தாலும் பழுதுபார்க்க வேண்டும் என்னும் விதி இந்த அனுபவத்தில் பிறந்தது.

அவ்விதியின்படி வேலை செய்வது எவ்வாறு? முதலில் சாந்தைத் தொடக்கூடாது. கூரையில் ஏறி, உடைந்த ஓட்டையும் அடைபட்ட பீலியையும் சீர்செய்ய வேண்டும். நீரின் வழியை அடைக்காமல் விதானத்துக்குச் செலவிடும் பணம் அடுத்த மழையோடு போய்விடும். அதன்பின் ஒரு மழைக்காலம் கழியும் வரை பொறுத்து, கறை பரவவில்லை என்று உறுதி செய்துகொள்வது அறிவுடைமை.

இரண்டாவது, சோதனை. விரல் மடிப்பால் விதானத்தை மெல்லத் தட்டினால், பற்று உள்ள இடம் கெட்டியான ஒலி தரும். பற்று விட்ட இடம் வெற்றுப் பானைபோல் ஒலிக்கும். உள்ளங்கையால் மெதுவாக அழுத்தும்போது அசைந்தால் கொக்கிகள் முறிந்துள்ளன எனலாம். இவ்வாறு கண்டதை ஒரு தாளில் படமாக வரைந்து, ஒவ்வொரு விரிசலையும் அதில் குறிக்க வேண்டும். கூரைக்கும் விதானத்துக்கும் இடைப்பட்ட வெளியில் விளக்குடன் சென்று பார்ப்பது இன்னும் முக்கியம். சிலாகைகளைக் கறையான் அரித்திருக்கிறதா, உடைந்த ஓடும் வௌவால் எச்சமும் பாரமாகக் குவிந்திருக்கின்றனவா என்பன அங்கேதான் தெரியும்.

இச்சோதனையை வெறும் அழகுக்கான முயற்சி என்று எண்ணலாகாது. 2013 டிசம்பர் 19 ஆம் நாள் இலண்டனில், 1901 இல் திறக்கப்பட்ட அப்பொலோ நாடக அரங்கில், நாடகம் நடந்துகொண்டிருக்கும்போதே அணிவேலை நிறைந்த சாந்து விதானத்தின் ஒரு பகுதி பார்வையாளர்மேல் விழுந்தது. 70 பேருக்கு மேல் காயமடைந்தனர். விதானத்தைக் கூரையோடு இணைத்திருந்த சணல் துணிக் கட்டுகள் காலப்போக்கில் நைந்துபோனதே காரணம் என்று கண்டறியப்பட்டது. கீழேயிருந்து பார்த்தவருக்குப் பூவும் கொடியும் மட்டுமே தெரிந்தன. மேலிருந்த கட்டுகளை எவரும் காணவில்லை. ஆகவே அசையும் விதானத்தின் கீழ் குழந்தைகளை உறங்கவைப்பதும் விருந்தினரை அமர்த்துவதும் தவிர்க்கப்பட வேண்டியவை. அறையைப் பூட்டிவைப்பதில் வெட்கம் இல்லை.

மூன்றாவது, பதிவு. எந்தத் துண்டையும் அகற்றுமுன் ஒளிப்படம் எடுத்து, அளவு குறித்துக்கொள்ள வேண்டும். உதிர்ந்த இதழைக் குப்பையில் எறியாமல் பெட்டியில் பஞ்சு வைத்துப் பாதுகாக்க வேண்டும். ஓர் இதழ் முழுமையாக இருந்தால் போதும். அதை மாதிரியாக வைத்து இல்லாத இதழ்களை வார்த்துவிடலாம்.

நான்காவது, தாங்குதல். விழத் தயங்கி நிற்கும் பகுதியைத் துணி சுற்றிய பலகையால் கீழிருந்து மெல்ல உயர்த்தி, கம்பு நட்டுத் தாங்குவர். பின்னர் மேலே சென்று தூசியை நீக்கி, சற்று நனைத்து, முறிந்த கொக்கிகள் இருந்த இடத்தில் சணல் நாரோடு பாரிசுச் சாந்தை ஊற்றிச் சிலாகையோடு புதிய பிடிப்பு உண்டாக்குவர். ஈரம் அண்டும் இடமாயின், துருப்பிடிக்காத திருகாணியையும் அகன்ற வளையத்தையும் கொண்டு கீழிருந்து இறுக்கி, அதன்மேல் சாந்து பூசி மறைப்பர். இவ்வாறு செய்தால் பழைய விதானத்தின் பெரும்பகுதியை அகற்றாமலே காப்பாற்ற முடியும்.

ஐந்தாவது, துப்புரவு. ஆண்டுதோறும் அடித்த வெள்ளைப் பூச்சு இதழ்களின் இடுக்கில் நிரம்பி, பூவைக் களிமண் உருண்டைபோல் ஆக்கியிருக்கும். அதை நீரால் நனைத்து, மூங்கில் அல்லது மரக்குச்சியால் பொறுமையாக எடுக்க வேண்டும். பாரிசுச் சாந்தாலான வார்ப்பாயின் நீரை மிகக் குறைவாகவே பயன்படுத்த வேண்டும். பழைய நெய்வண்ணங்களில் ஈயம் இருக்கக்கூடும். உலர்ந்த நிலையில் சுரண்டித் தூசி கிளப்பக்கூடாது. பிற்காலத்தில் அடித்த தகடுகள் அஸ்பெஸ்டஸ் ஆயின், அவற்றை அறுக்காமலும் உடைக்காமலும், தகுந்த பாதுகாப்போடு முழுதாகவே கழற்ற வேண்டும். சுட்ட சுண்ணாம்பைக் கையாள்பவர் கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி அணிவது கட்டாயம். அதன் ஒரு துகள் கண்ணைக் கெடுக்க வல்லது.

இதன்பின்னரே புதுச் சாந்து வருகிறது. முதற் பூச்சுக்கு ஒரு பங்கு களிக்கு ஏறத்தாழ மூன்று பங்கு சேறு நீங்கக் கழுவிய கூரான மணலும், நறுக்கிய மயிரோ நாரோ சேர்ப்பர். மேற்பூச்சில் களியும் நுண்மணலும் ஏறக்குறைய சமம். ஒவ்வொரு பூச்சுக்கும் இடையே போதிய நாள் விட்டு, ஈரத்துணியால் காத்து, மெல்ல உலரவிட வேண்டும். சுண்ணாம்பு இறுகுவதற்குக் காற்றும் வேண்டும், சிறிது ஈரமும் வேண்டும். கம்பளை வட்டாரத்தில் மழை குறைந்த தை முதல் பங்குனி வரையான காலம் இவ்வேலைக்கு ஏற்றது. விளிம்புப் பட்டியின் குறைந்த பகுதியை, நல்ல பகுதியிலிருந்து வடிவம் எடுத்து வெட்டிய தகட்டால் இழுத்து நிரப்பலாம். பூவுக்கு அச்செடுக்க முற்காலத்தில் ஜெலற்றின் பயன்பட்டது. இன்று சிலிக்கன் இறப்பர் பயன்படுகிறது. இந்நாட்டிலேயே விளையும் இறப்பர்ப்பாலைப் பல பூச்சுகளாகத் தூரிகையால் தடவி உலரவிட்டும் நெகிழ்வான அச்சு எடுக்கலாம்.

புதிதாகச் சேர்த்த பகுதி பழையதோடு இசைய வேண்டும். பழையது முழுவதையும் புதிதுபோல் ஆக்கிவிடவேண்டும் என்னும் ஆசை கூடாது. இங்கிலாந்தில் வில்லியம் மொறிஸ் என்னும் அறிஞர் 1877 இல் பழைய கட்டடங்களின் பாதுகாப்புக்கென ஒரு சங்கத்தை நிறுவினார். பழையதை இடித்துக் கற்பனையால் மீட்டுக் கட்டுவதைவிட, அன்றாடக் கவனிப்பால் அழிவைத் தள்ளிப்போடுவதே மேல் என்பது அவர்தம் கொள்கை. அந்தக் கருத்துகளில் ஈடுபட்டவர் கலாயோகி ஆனந்த குமாரசுவாமி. கனிப்பொருள் ஆய்வுக்காக இலங்கைக்கு வந்த அவர், கண்டி நாட்டுக் கைவினைஞரின் தொழில்முறைகளை ஊரூராகச் சென்று குறித்து, மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலை 1908 இல் வெளியிட்டார். மொறிஸ் பயன்படுத்திய அச்சுப் பொறியிலேயே அந்நூல் அச்சாயிற்று. கலைப்பொருளைக் காப்பதற்கு அதைச் செய்யும் கையையும் காக்க வேண்டும் என்பதை உணர்ந்தே அவர் கைவினைஞரைத் தேடிச் சென்றார்.

அந்தக் கை இன்று எங்கே இருக்கிறது? சட்டம் இதற்கு விடை தராது. 1940 ஆம் ஆண்டுத் தொல்பொருள் கட்டளைச் சட்டம், கண்டி உடன்படிக்கை நிகழ்ந்த 1815 மார்ச் 2 ஆம் நாளுக்கு முற்பட்டவற்றைத் தொன்மைப் பொருளாகக் கொள்கிறது. அதன்பின் எழுந்த வீடுகளுள், தனியாக அறிவித்துப் பாதுகாக்கப்பட்டவை நீங்கலாக ஏனையவை, தத்தம் உரிமையாளரின் எண்ணத்தையே நம்பி நிற்கின்றன. கையை வைத்திருப்பவை கோயில்களே. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை குடமுழுக்குச் செய்யும் வழக்கம், கோபுரத்துச் சுதை உருவங்களைச் சீர்செய்யும் கைவினைஞருக்குத் தொடர்ந்து வேலை தந்துவருகிறது. பல இடங்களில் அவர்களும் சீமெந்துக்கு மாறிவிட்டனர் என்பது உண்மையே. ஆயினும் இதழை வளைக்கவும், கொடியை ஓடவிடவும், ஈரம் போகுமுன் சாந்தகப்பையின் நுனியால் நரம்பு கீறவும் அவர்களின் விரல்கள் மறக்கவில்லை. கேட்பவர் இருந்தால் சுண்ணாம்பையும் அவர்கள் மீண்டும் எடுப்பர்.

கேட்பவராக இருக்க வேண்டியவர் வீட்டுக்காரரே. அவர் ஒரு பூ வட்டத்தைக் காக்கத் துணிந்தால், மூத்த கொத்தன் ஒருவருக்கு வேலை கிடைக்கும். அவருக்குச் சாந்து குழைத்துக் கொடுக்கும் இளைஞன் ஒருவன் அத்தொழிலைக் கற்பான். தட்டி விழுத்தினால் விதானம் போவதோடு அந்த இளைஞன் கற்கும் வாய்ப்பும் போய்விடும். முழு விதானத்துக்கும் பணம் இல்லையென்றால், இந்த ஆண்டு கூரையை மட்டும் சீர்செய்யலாம். அடுத்த ஆண்டு அசையும் பகுதியைத் தாங்கி நிறுத்தலாம். பூவை அதற்குப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம். ஊறவைத்த களி காத்திருந்தாலும் கெடாது; காற்றுப் படாமல் நீருக்குள் இருந்தால் நாளுக்கு நாள் தரம் உயரும்.

பழைய வீடு உடைய நேயர்கள் அடுத்த மழைக்கு முன் ஒரு நாளை இதற்கென ஒதுக்குவாராக. ஏணி ஒன்றும் விளக்கு ஒன்றும் போதும். விலகிய ஓட்டைச் சரிசெய்து, பீலியில் அடைத்த இலையை அள்ளிவிட்டு, விதானத்தை விரலால் தட்டி அதன் ஒலியைக் கேட்கலாம். அது கெட்டியாக ஒலித்தால் ஒரு குறிப்பேட்டில் நாளையும் இடத்தையும் எழுதிவைக்கலாம். வெற்றொலி கேட்டால் அந்த அறையில் ஆள் நடமாட்டத்தை நிறுத்திவிட்டு, சுண்ணாம்பு அறிந்த கொத்தனைத் தேடலாம். பேரப்பிள்ளைகளின் காலத்தில் அந்த விதானம் இருக்குமா என்பது பெரும்பாலும் அந்த ஒரு நாள் வேலையைப் பொறுத்தது.